படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய பெயர்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் பலர் நன்றி சொல்லும் பந்தியைத் தேடி, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்திருப்பீர்கள். இல்லை. ஒருவருடைய பெயரும் இல்லை. மனம் நோக வேண்டாம், காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்கா நெடுந்தீவில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வீட்டில் அக்கா, பள்ளிக்கூடத்தில் அக்கா, கோயில் பாடகர் குழுவிலும் அக்கா. அவரை அக்கா என்று கூப்பிட நிறையப் பேர் இருந்தோம். அவர் அப்படிக் கூப்பிட ஒருவரும் இருக்கவில்லை. "மூத்தவளாப் பிறக்கிறது சம்பளமில்லாத வேலை தம்பி, லீவும் இல்லை" என்று பிற்காலத்தில் என்னிடம் சொல்வார்.

அத்தானை மணந்து யாழ்ப்பாணத்தில் குடியேறினார். மகள் ஜெனி பிறந்தாள். யுத்தம் அத்தானைக் கொண்டுபோனது. அதைப் பற்றி அக்கா அதிகம் கதைத்ததில்லை, நானும் இங்கே எழுதப் போவதில்லை. ஜெனியை அம்மாவிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கென்று இத்தாலியின் தீவு நகரமான இந்தப் பலெர்மோவுக்கு வந்தார். பின்னர் ஜெனியைக் கூப்பிட்டார். அதன்பின் என்னையும் கூப்பிட்டார்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே ஒரு மாடிக் கட்டடத்தின் காவலாளியாக இருந்து ஓய்வுபெற்றேன். இந்த நகரத்துத் தமிழரில் பாதிப் பேரின் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி விண்ணப்பங்களை நான்தான் நிரப்பினேன். மற்றப் பாதிப் பேர் தாங்களே நிரப்பிவிட்டுப் பிறகு என்னிடம் வந்தார்கள். எந்த அலுவலகத்தில் எந்த யன்னலுக்கு முன்னால் எந்தக் கடுதாசியோடு நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கதையில் அந்த அறிவால் ஒரு பயனும் விளையவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வீட்டுக்கார அம்மாவான சின்யோரா கட்டில் விரிப்புகளைக் காட்டி ஏதோ சொன்னார். அக்காவுக்கு விளங்கவில்லை. விரிப்புகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், கொடிக் கயிற்றின் கீழே நின்று அழுதார். மேல் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணி அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உயரமானவர், கறுத்தவர், தலையில் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார். விரிப்பின் ஒரு முனையை அக்காவின் கையில் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்து, உதறி, இழுத்து, மடித்துக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இருக்கவில்லை. மடித்து முடித்தபோது அக்கா அவரைப் பார்த்து, "பெரியக்கா" என்றார்.

அன்றிலிருந்து அவர் பெரியக்கா. மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களில் வழக்கமில்லையே. பெயரைக் கேட்பதே மரியாதையில்லை என்று அக்கா நினைத்தார். அவர் வேலை செய்த வீட்டில் அவரை மரியா என்று கூப்பிட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் அவருக்கு முன் வேலை செய்தவரும் மரியா, பின் வந்தவரும் மரியா.

பெரியக்கா கேப் வேர்டேயிலிருந்து வந்தவர். ஆபிரிக்காவுக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் தீவுகள் அவை. "அவவும் தீவாள், நானும் தீவாள், வந்து மாட்டினதும் ஒரு தீவு" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். இந்த நகரத்துப் பெரிய வீடுகளில் வேலைக்கு வந்த கறுப்பினப் பெண்களில் முதலாமவர்களில் ஒருவர் பெரியக்கா. முன்னால் போனவர் இல்லாததால், எல்லாவற்றையும் அவர் தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டார். கற்றதைப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார். வியாழன் பின்னேரம் வேலைக்காரருக்கு ஓய்வு என்பது அக்காவின் சின்யோராவுக்கு வசதியாக மறந்துபோயிருந்தது. பெரியக்கா படியிறங்கி வந்து நினைவூட்டினார். வயோதிபச் சம்பளத்துக்காக முதலாளி மாதாமாதம் கட்ட வேண்டிய பங்குக்கு இங்கே கொந்த்ரிபூத்தி என்று பெயர். அக்கா இத்தாலிய மொழியில் 'வணக்கம்' படிக்குமுன் படித்த சொல் அதுதான். பெரியக்காவுக்குக் கோபம் வந்தால், இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டி, "கொந்த்ரிபூத்தி!" என்று கத்துவாராம். மூன்று மாடிக்குக் கேட்குமாம். கச்சேரியில் என் காலம் முழுவதும் இவ்வளவு சுருக்கமாகச் சட்டம் விளக்கிய எவரையும் நான் கண்டதில்லை.

நகரத்தின் சீசாப் பகுதியில் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலில் பின்பக்கம் ஓர் அறை உண்டு. உடைந்த கதிரைகளும் பழைய மெழுகுதிரித் தண்டுகளும் போட்டுப் பூட்டிக் கிடந்தது. வியாழன் பின்னேரம் ஓய்வு கிடைத்தாலும் போக இடமில்லாமல் பெண்கள் பேருந்துத் தரிப்பிடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியக்கா போய் அப்போதைய பங்குத்தந்தையின் கதவைத் தட்டி, அந்த அறையைக் கேட்டு வாங்கினார். கழுவினார். அடுப்பு வைத்தார். முதலில் அவருடைய தீவுப் பெண்கள், பிறகு அக்கா, அக்காவின் பின்னால் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த எங்கள் பெண்கள். இன்று அந்த அறையில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் உங்களில் சிலருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று தெரியாது.

எங்கள் ஆட்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"அக்கா, எங்கட சனம் இவ்வளவு இருக்க, அதுகளோட என்ன கூட்டு?"

"உன்ர பெண்சாதிக்கு வேலை எடுத்துத் தந்தது ஆர்?"

"நீங்கள்தான்."

"அந்த வேலை இருக்கெண்டு எனக்குச் சொன்னது அவ. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில நிக்கேக்க உன்னை, என்னை, அவவை எல்லாரையும் ஒரே நிறமாத்தான் பாக்கிறாங்கள். நீ வீட்டுக்கு வந்து வேற வேறயாப் பிரிக்கிறாய். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ."

அவர் குடித்துவிட்டுப் போனார். இந்த மலரையும் அவர் வாசிப்பார். நலமாக இருக்கட்டும்.

நான் இங்கு வருமுன்பே பெரியக்கா நோயுற்றுத் தன் தீவுக்குத் திரும்பி, அங்கே இறந்துவிட்டார். செய்தி சுற்றிச் சுழன்று அக்காவிடம் வந்தது. அந்த ஆண்டு முதல், நவம்பரில் மரித்த விசுவாசிகளின் நினைவுத் திருப்பலியில் வாசிப்பதற்கு, அத்தானின் பெயரோடு 'பெரியக்கா' என்றும் அக்கா கொடுத்து வந்தார். ஒவ்வொரு பங்குத்தந்தையும் அந்த இடத்தில் நாக்குத் தடக்கினார்.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன்.

எங்கள் கோயிலின் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் ஏற்றிருந்தார். இத்தாலியில் உயர்தரப் பாடசாலை ஆசிரியர் எவரும் பேராசிரியரே. எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். கோயில் மணியைப் பற்றி ஓர் அத்தியாயம், மணி விழுந்ததைப் பற்றி இன்னோர் அத்தியாயம். நாங்கள் ஒரு பந்தியில் இருந்தோம். "பின்னாளில் பங்கு, வெளிநாட்டவருக்குத் தன் கதவைத் திறந்தது" என்பது அதன் முதல் வசனம். அதற்குப் பக்கத்தில் போட அவர் ஒரு படம் கேட்டார். அக்கா தன்னிடமிருந்த ஒரே படத்தைக் கொடுத்தார். கோயில் படியில் பெரியக்கா ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட, ஒல்லியான, அகப்பை பிடித்த அக்கா.

"இந்த அம்மையாரின் பெயர்?" என்று பேராசிரியர் கேட்டார்.

அக்கா படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

பெரியக்காவுக்குக் காப்பிக்கு எவ்வளவு சீனி, எந்த முழங்காலில் வலி, எந்தப் பாட்டுக்கு அழுவார் எல்லாம் அக்காவுக்குத் தெரியும். பெயர் தெரியாது.

"அப்படியானால் 'அடையாளம் தெரியாத பெண்' என்றுதான் போட முடியும்" என்றார் பேராசிரியர். அவருக்கும் நடைமுறை உண்டு.

வீட்டுக்கு வந்து அக்கா அன்று சாப்பிடவில்லை. "எனக்கு இவ்வளவு காலமாத் தெரிஞ்ச மனுசி எப்பிடியடா அடையாளம் தெரியாத ஆள்? கதவு தன்ர பாட்டில திறந்ததாம். தட்டினவவுக்குப் பேர் இல்லையாம்." பிறகு சொன்னார்: "பேர் கேக்காமல் விட்டது நான்தானே."

அந்தக் கோடையில்தான் அக்காவின் நோயை வைத்தியர் சொல்லியிருந்தார். புத்தகம் குளிர்காலத்தில் அச்சுக்குப் போவதாக இருந்தது. "வாற வருசம் நான் இருப்பனோ தெரியா. அந்தப் படத்துக்குக் கீழ அவவின்ர பேர் இருக்கோணும். நீ பெரிய நடைமுறைக்காரன் எண்டு சொல்லுறாய், கண்டுபிடி பாப்பம்."

நான் இறங்கினேன். அந்த அறைக்கு வந்த பெரியக்காவின் தீவுப் பெண்களில் எவரும் இப்போது இந்த நகரத்தில் இல்லை. மாநகரப் பதிவகத்தில் முறைப்படி விண்ணப்பித்தேன். தேடப்படுபவரின் முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டார்கள். பெயரைத்தான் தேடுகிறேன் என்றேன். பெயர் தந்தால் தேடித் தருகிறோம் என்றார்கள். மறைமாவட்ட அலுவலகம் பங்குத்தந்தை ஊடாக வரச் சொன்னது. பங்குத்தந்தை மறைமாவட்டத்தைக் கேட்கச் சொன்னார். பெரியக்கா வேலை செய்த வீட்டுப் பிள்ளை இப்போது தலை நரைத்த வழக்கறிஞர். என்னை உட்கார வைத்துக் காப்பி தந்து, "மரியாவா? அருமையான பெண்" என்றார். எந்த மரியா என்று கேட்டேன். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்னடா, முத்திரை எல்லாம் ஒட்டினனியே?" என்று அக்கா படுக்கையிலிருந்து கேட்பார்.

"ஒட்டினனான் அக்கா."

"அப்ப பதில் வராது."

நவம்பர் வந்தது. ஜெனி அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். புதிதாக வந்த இளம் பங்குத்தந்தை இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். 'பெரியாக்கா' என்ற இடத்தில் நின்று, மூச்செடுத்து, ஏறிக் கடந்தார். இன்னும் சில பெயர்கள் தள்ளி 'பியா' என்று வாசித்தார். அதையும் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறோம். சபை எல்லாருக்காகவும் மன்றாடியது.

பூசை முடிந்ததும் அந்தப் பின்னறையில் காப்பியும், இந்த நகரத்தில் அந்த நாளுக்கென்றே செய்யும் சர்க்கரைப் பொம்மைகளும் இருந்தன. பங்குத்தந்தை அக்காவிடம் வந்தார்.

"சின்யோரா, இந்தப் பெரியாக்கா யார்? எனக்கு முன் இருந்தவர், 'அந்தப் பெயரில் கவனம்' என்று சொல்லிவிட்டுத்தான் போனார்."

"என்ர சகோதரி, சுவாமி" என்றார் அக்கா, தன்னுடைய இத்தாலியத்தில்.

நான் குறுக்கிட்டேன். "சுவாமி, எங்களுக்கு அப்படியொரு சகோதரி கிடையாது. நான் கூடப்பிறந்த தம்பி."

அக்கா தமிழில் திரும்பினார். "நீ பேசாமல் இரு. இஞ்சை எனக்கொரு அக்கா இருந்தவ. உன்னட்டைக் கேட்டே வைச்சனான்?"

பக்கத்தில் சர்க்கரைப் பொம்மை ஒன்றைக் கையில் வைத்தபடி ஒரு முதிய பெண்மணி நின்றார். லுர்தெஸ் என்று பெயர். கேப் வேர்டேக்காரர், கால்சாப் பக்கம் குடியிருப்பவர். ஆண்டில் இந்த ஒரு பூசைக்கு மட்டும் மகள் நாதியாவோடு எங்கள் கோயிலுக்கு வருவார். பல நவம்பர்களாக அவரும் அக்காவும் தலையசைத்துக்கொள்வார்கள். அதற்குமேல் கதைத்ததில்லை.

"உங்கள் சகோதரி எந்த வீட்டில் வேலை செய்தார்?" என்று லுர்தெஸ் உபசாரத்துக்குக் கேட்டார்.

"எனக்கு மேல் வீட்டில. உங்களைப் போலக் கறுப்பு, உங்களைவிட உயரம். தலையில வெள்ளைத் துண்டு. கோபம் வந்தா..." அக்கா காப்பிக் கோப்பையை என் கையில் திணித்தார். இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினார். "கொந்த்ரிபூத்தி!"

நோயாளி என்று நாங்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து அப்படி ஒரு சத்தம்.

லுர்தெஸின் கையிலிருந்த சர்க்கரைப் பொம்மை கீழே விழுந்து தலை வேறு உடல் வேறானது. அவரும் இரண்டு கைகளையும் தட்டினார். அதே தட்டு. "கொந்த்ரிபூத்தி!" என்று அவரும் கத்தினார். பிறகு, "பியா! எங்கள் பியா!" என்றார்.

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி கை தட்டினார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் விளங்கியது. லுர்தெஸ் இந்த அறை தொடங்குமுன்பே பெரியக்காவோடு பழகியவர், வியாழன் கூட்டங்களுக்கு வந்தவர் அல்ல. பியா என்பது பெரியக்காவுக்கு அவருடைய ஆட்கள் வைத்த வீட்டுப் பெயர்; அதைத்தான் லுர்தெஸ் ஆண்டுதோறும் பூசைக்குக் கொடுத்து வந்தார். எங்களைப் போலவே அவர்களிடமும் வீட்டுக்கு ஒரு பெயர், கடுதாசிக்கு ஒரு பெயர்.

"இத்தனை வருடமும் நான் பெரியக்காவுக்காக மன்றாடினேனே, யாரோ ஒரு தமிழ்ப் பெண் என்று நினைத்து!" என்றார் லுர்தெஸ்.

"நானும் உங்கட பியாவுக்கு மண்டாடினனான். ஆரோ இத்தாலிக் கிழவி எண்டு."

"அப்படியானால் அவளுக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது."

"கிடைக்கட்டும்! அவவுக்கு அவ்வளவும் கிடைக்கோணும்."

சர்க்கரைப் பொம்மையின் காலைக் கடித்துக்கொண்டு நின்ற பேராசிரியர் அதை அவசரமாக விழுங்கிவிட்டு, "குடும்பப் பெயர்?" என்றார். லுர்தெஸ் சொன்னார். பெயத்ரிஸ் என்ற முழுப்பெயரும் அதற்குப் பின்னே வரும் நீண்ட வாலும். அது இப்போது அச்சில் இருக்கிறது. என் விண்ணப்பத்துக்குப் பதிவகத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

நாதியா இதற்குள் பேராசிரியரிடம் இருந்த படத்தை வாங்கி, யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலெர்மோவிலேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படித்தவள். இந்த நகரத்துக்கு முதலில் வந்த கறுப்பினப் பெண்களைப் பற்றி அவளும் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் அத்தியாயம் எழுத முடியாமல் நின்றதாம். பியா என்ற பெயர் அவளிடம் இருந்தது. முகம் இல்லை. அந்த அறையும் அடுப்பும் எப்படி வந்தன என்று தெரிந்தவர் இல்லை. அன்று முதல் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தாள். அக்கா சொல்லச் சொல்லக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தாள். மருந்து நேரத்தை ஜெனி நினைவூட்டினால், "பொறு பிள்ளை, பெரியக்கா இப்பத்தான் சுவாமியாரோட சண்டை பிடிக்கிறா" என்பார் அக்கா.

அவர் பிழைக்க மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் சிரிப்பாகத்தான் போனது.

இலையுதிர்ந்த மரங்கள் மறுபடி தளிர்த்தபோது இரண்டு புத்தகங்களும் வந்தன. இரண்டையும் ஒரே நாளில், அந்தப் பின்னறையிலேயே வெளியிட்டார்கள். ஒருபக்கம் எங்கள் றோல்சும் பற்றீசும், மறுபக்கம் லுர்தெஸ் வீட்டுச் சோளமும் போஞ்சிக்கொட்டையும் போட்ட குழம்பு. பேராசிரியர் மணியைப் பற்றிப் பேசினார். நெடுநேரம் பேசினார். ஆனால் அவருடைய புத்தகத்தில் அந்தப் பந்தி இப்போது ஓர் அத்தியாயம். "ஒரு வியாழன் பின்னேரம், பெயத்ரிஸ் கதவைத் தட்டினார்" என்று தொடங்குகிறது. நாதியாவின் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தின் தலைப்பு, இத்தாலிய எழுத்தில், 'பெரியக்கா'.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்தப் பெரியக்கா என்பது ஆபிரிக்காவின் எந்த மொழி?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அக்கா நாற்காலியிலிருந்து கையை உயர்த்தினார். "நெடுந்தீவு மொழி!"

படம் இரண்டு புத்தகங்களிலும் இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் நாதியா, பக்கத்தில் அகப்பையோடு நிற்பவரின் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தாள். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் தெளிவான எழுத்தில் எழுதி நான் கொடுக்கப் போனேன். அக்கா விடவில்லை.

"தங்கச்சி எண்டு போடு பிள்ளை."

"அக்கா, அது பெயர் இல்லை" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? நீ பிறந்த நாளிலயிருந்து தம்பி. நான் தங்கச்சியா இருந்தது அந்த மனுசியோட மட்டுந்தான்."

அப்படியே போட்டார்கள். மூத்தவராகப் பிறந்து, வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் அக்காவாக இருந்தவர், இரண்டு புத்தகங்களிலும் தங்கச்சியாக நிற்கிறார்.

கோடை தொடங்குமுன் ஒரு காலை, ஜெனியும் பேரப்பிள்ளைகளும் நானும் சுற்றியிருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார். இரண்டு புத்தகங்களும் தலைமாட்டில் இருந்தன. முதல்நாள்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பேத்திக்குக் காட்டி, "சட்டி வைச்சிருக்கிறவ என்ர அக்கா" என்று சொன்னார்.

நோய்க்காலத்தில் வந்து படியேறியவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், வைத்தியசாலையில் முறைவைத்து நின்றவர்கள், அடக்கத்தன்று வேலைக்கு லீவு கேட்டுக் கிடைக்காமலும் வந்தவர்கள், ஊரில் பூசை ஒப்புக்கொடுத்தவர்கள், சவப்பெட்டியின் முன்முனையைத் தூக்கிய கேப் வேர்டேச் சகோதரிகள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா உங்களை அழைத்தது மாமா, மாமி, மச்சாள், பிள்ளை, ராசா என்றுதான். அந்த முறையில்தான் நன்றியும் சொல்கிறேன். உங்களை அவர் எப்படிக் கூப்பிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அதை இந்தப் பந்தியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கடந்த நவம்பரில், பூசைக்கு முன்னதாகவே கோயிலுக்குப் போனேன். அக்காவின் முழுப்பெயர், தகப்பன் பெயர், எல்லாம் பிழையில்லாமல் எழுதிய துண்டைப் பங்குத்தந்தையிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் சகோதரியின் பெயர் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்றார். லுர்தெஸ் முதல்நாளே வந்து கொடுத்திருந்தாராம்.

நான் என் துண்டைத் திருப்பி வாங்கவில்லை. பூசையில் இளம் பங்குத்தந்தை நான் எழுதிய முழுப்பெயரை ஒரு தடக்கலுமில்லாமல் வாசித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மூச்செடுத்து, "பெரியாக்கா, தங்காச்சி" என்று சேர்த்து வாசித்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கிலும், இரண்டு வாங்கு முன்னால் லுர்தெஸின் வாங்கிலும், எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன்.

முன்பும் ஒரே ஆளுக்கு இரண்டு முறை மன்றாடியிருக்கிறோம். இம்முறை தெரிந்தே செய்தோம்.